முதல் லெவலிலேயே நிற்கும் கேரக்டர்

அத்தியாயம் 4

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது உங்கள் கையில் நிரப்பிய கேரக்டர் ஷீட் ஒன்று இருக்க வேண்டும். பென்சில், ரப்பர், ஷீட் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். வரலாறு இவ்வளவு போதும்.

பலமான கேரக்டர் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் மனத்தில் இருப்பது இருபதாம் லெவலில் டிராகனை ஒற்றை ஆளாக வீழ்த்தும் வீரன். அவனை மறந்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஆறு பேர் சேர்ந்து ஒரு மேசை போட்டால் என்ன நடக்கும்? இந்த வாரம் இருவருக்கு ஏ ஷிப்ட், அடுத்த வாரம் அதே இருவருக்கு நைட். ஒருவர் ஓ.டி.க்கு நின்றுவிடுவார். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் ஊருக்குப் போனால் திரும்ப ஒரு மாதம். ஆறில் நான்கு பேர் வந்தாலே பெரிது. அந்த நான்கு பேரும் ஒவ்வொரு முறையும் வேறு நான்கு பேர். இப்படி ஓடும் மேசை ஐந்தாம் லெவலைத் தொடுவதே பெரும்பாடு.

ஆகவே பலத்துக்கு இங்கே என் அளவுகோல் இரண்டு. யார் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கேரக்டர் தன் வேலையைச் செய்ய வேண்டும். அதை முதல் லெவலிலேயே செய்ய வேண்டும். பதினோராம் லெவலில் பூக்கப்போகும் கேரக்டர் காகிதத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் தேவையானவை

• விதிகள்: இந்த அத்தியாயம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைப் பின்பற்றுகிறது. அதன் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விலை கொடுத்துப் புத்தகம் வாங்க இப்போது அவசியமில்லை.

• டைஸ்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை ஒரு செட். இல்லாவிட்டால் போன் ஆப் போதும். நெட் இல்லாத இடமென்றால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்; மறந்தால் கணக்கு முழுக்கக் கெடும்.

• வீட்டில் இருக்கும் தாயக்கட்டை இதற்கு உதவாது. இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பில் விழாது.

படி 1: டி.எம்.மிடம் நான்கு கேள்விகள்

ஷீட்டில் ஓர் எண்கூட எழுதும் முன் ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மிடம் இவற்றைக் கேளுங்கள்.

1. 2014 விதிகளா, 2024 விதிகளா? 2014-இல் திறன் எண்களுக்கான கூடுதல் இனத்திலிருந்து வரும். 2024-இல் பின்னணியிலிருந்து வரும். இரண்டையும் கலந்தால் ஒரே கூடுதலை இருமுறை எழுதிவிடுவீர்கள்.

2. ஃபீட் எனப்படும் தனிச் சிறப்புத் திறமைகள் உண்டா? 2014 விதிகளில் அது விருப்பத்துக்குரியது. நாமாக அனுமானிக்கக் கூடாது.

3. சண்டை அதிகமா, பேச்சு அதிகமா? அரசவைச் சூழ்ச்சி நிறைந்த கதைக்குக் கோடரிக்காரனைக் கொண்டுபோனால் நான்கு மணி நேரம் கொட்டாவி விடுவீர்கள்.

4. நான் வராத நாளில் என் கேரக்டர் என்ன ஆகும்? ஷிப்ட் மேசைக்கு இதுதான் முதல் கேள்வி. வேறு யாராவது அதை ஆடப்போகிறார்கள் என்றால், அவர்களுக்கும் புரியும்படி எளிமையான கேரக்டர்தான் உங்களுக்குச் சரி.

படி 2: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

முன்னால் நின்று அடி தாங்குவது, தூரத்திலிருந்து அடிப்பது, விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது, பூட்டு திறந்து வேவு பார்ப்பது, மந்திரத்தால் களத்தை மாற்றுவது. வேலைகள் இந்த ஐந்துக்குள் அடங்கும். ஒன்றை முதல் வேலையாகவும் இன்னொன்றை ஓரளவு தெரிந்த வேலையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள்.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் மேசைக்கு முதல் வேலையாக என் சிபாரிசு அடி தாங்குவது அல்லது விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது. இந்த இரண்டுக்கும் குறிப்பிட்ட கூட்டாளி தேவையில்லை. கீழே இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி தருகிறேன்: கொற்றன் என்ற போர்வீரனை முழுமையாக, தெய்வ மந்திரத்தால் குணப்படுத்தும் வடிவு என்ற கிளெரிக்கைச் சுருக்கமாக.

படி 3: 27 புள்ளிகளைச் செலவிடுதல்

திறன்கள் ஆறு: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, நிதானம், வசீகரம். ஒவ்வொன்றும் 8-இல் தொடங்கும். கையில் 27 புள்ளி. 9 வாங்க 1 புள்ளி, 10-க்கு 2, 11-க்கு 3, 12-க்கு 4, 13-க்கு 5. அதற்கு மேல் விலை ஏறுகிறது: 14-க்கு 7, 15-க்கு 9. இனக் கூடுதல் சேரும் முன் 15-ஐத் தாண்ட முடியாது.

ஆட்டத்தில் நேரடியாகப் பயன்படுவது இந்த எண் அல்ல, இதிலிருந்து வரும் கூட்டல் எண். 8, 9 என்றால் −1. 10, 11 என்றால் 0. 12, 13 என்றால் +1. அப்படியே இரண்டிரண்டாக ஏறி 16, 17-க்கு +3, 18, 19-க்கு +4, 20-க்கு +5. ஆகவே 14-க்கும் 15-க்கும் இன்றைக்கு வித்தியாசம் எதுவுமில்லை. கூடுதல் ஒன்று வந்து சேரும் என்று தெரிந்தால் மட்டும் ஒற்றைப்படை எண்ணை வாங்குங்கள்.

கொற்றனின் செலவு:

• வலிமை 15 (9 புள்ளி)
• உடலுறுதி 15 (9 புள்ளி)
• நிதானம் 13 (5 புள்ளி)
• சுறுசுறுப்பு 10 (2 புள்ளி)
• வசீகரம் 10 (2 புள்ளி)
• அறிவு 8 (0)

கூட்டினால் 27. நிதானத்தை 13-இல் விட்டிருப்பதற்குக் காரணம் படி 8-இல் வரும்.

எச்சரிக்கை: உடலுறுதியில் கை வைக்காதீர்கள். புதியவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான், முதலில் சாவதும் இதனால்தான். ஒரு மந்திரவாதியை எடுத்துக்கொள்வோம். முதல் லெவலில் அவருக்கு உயிர்ப்புள்ளி 6, அதனுடன் உடலுறுதியின் கூட்டல் எண். உடலுறுதி 8 என்றால் மொத்தம் 5. காப்ளின் என்ற சிறு அரக்கனின் சாதாரண அடி ஒன்று, ஆறு முக டைஸ் கூட்டல் 2. டைஸில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே ஆள் கீழே. அடிபட்டால் ஆறுக்கு நான்கு வாய்ப்பு. உடலுறுதி 14 என்றால் உயிர்ப்புள்ளி 8. டைஸில் 6 விழுந்தால் மட்டுமே கீழே. ஆறுக்கு ஒன்று. அறிவை உயர்த்தி வாங்கிய எந்த மந்திரமும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

படி 4: இனம்

கொற்றனுக்கு ஹாஃப்-ஆர்க், அதாவது பாதி மனிதன், பாதி ஆர்க் என்ற அரக்கன். வலிமைக்கு +2, உடலுறுதிக்கு +1. இப்போது வலிமை 17, உடலுறுதி 16. இரண்டுக்கும் கூட்டல் எண் +3. இருட்டில் 60 அடி வரை கண் தெரியும். இதைவிடப் பெரியது, உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கும்போது நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை 1-இல் நிற்கும் சலுகை. உங்களைத் தூக்கிவிட வேண்டியவருக்கு அன்று பி ஷிப்ட் என்றால் இதன் அருமை புரியும்.

பெயர் பிடிக்கவில்லையா? எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கதையை மாற்றலாம். இடும்பிக்கும் பீமனுக்கும் பிறந்த கடோத்கசன் நமக்குத் தெரிந்தவன்தானே. அவன் கொடிவழி என்று சொல்லிக்கொள்ளுங்கள். டி.எம். ஆட்சேபிக்கமாட்டார். ஆனால் இங்கே வாழும் மக்களை, இருளரோ மீனவரோ வேறு எந்தச் சமூகமோ, ஓர் 'இனம்' ஆக்கி அவர்களுக்கு அறிவு +2, வலிமை −1 என்று எண் போடாதீர்கள். ஆர்க் அவமானப்படாது. மனிதர் படுவார்.

படி 5: கிளாஸும் ஒரு காப்ளின் கணக்கும்

போர்வீரன் கிளாஸ், அதாவது ஃபைட்டர். முதல் லெவல் உயிர்ப்புள்ளி 10, உடலுறுதிக்கு 3, மொத்தம் 13. 'செகண்ட் விண்ட்' என்ற திறமை உண்டு: போனஸ் ஆக்‌ஷனாக, அதாவது அந்தச் சுற்றின் தாக்குதலை இழக்காமலே, பத்து முக டைஸ் கூட்டல் 1 அளவுக்கு உயிர்ப்புள்ளி மீட்கலாம், சிறு ஓய்வுக்கு ஒருமுறை. மருத்துவர் வராத நாளில் இதுவே மருத்துவர்.

அடுத்து சண்டைப் பாணி. இங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள். 'டிஃபென்ஸ்' எடுத்தால் கவச எண் ஒன்று கூடும். 'டூயலிங்' எடுத்தால் ஒற்றைக் கை ஆயுதத்தின் சேதத்தில் 2 கூடும். எது பலம்? வாதாட வேண்டாம், 20 விழுந்தால் வரும் இரட்டை டைஸ் அடியை மட்டும் விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம்.

1. காப்ளினின் கவச எண் 15, சராசரி உயிர்ப்புள்ளி 7, தாக்குதல் கூட்டல் +4.

2. கொற்றனின் தாக்குதல் கூட்டல்: வலிமை 3, தேர்ச்சி (பழகிய ஆயுதத்துக்கான கூடுதல்) 2, மொத்தம் +5. டைஸில் விழும் எண்ணும் இந்தக் கூட்டலும் சேர்ந்து எதிரியின் கவச எண்ணை எட்ட வேண்டும். இருபது முக டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். இருபதில் பதினொன்று, அதாவது 55 சதவீதம்.

3. டூயலிங் இல்லாமல் நீள்வாளின் சேதம் எட்டு முக டைஸ் கூட்டல் 3. ஒரே அடியில் 7 வர டைஸில் 4 அல்லது மேல் வேண்டும்: எட்டில் ஐந்து. மொத்தத்தில் ஒரு சுற்றில் காப்ளின் சாக வாய்ப்பு 34 சதவீதம்.

4. டூயலிங்குடன் சேதம் எட்டு முக டைஸ் கூட்டல் 5. டைஸில் 2 விழுந்தாலே போதும்: எட்டில் ஏழு. வாய்ப்பு 48 சதவீதம்.

5. டிஃபென்ஸ் எடுத்தால்? படி 6-இல் வரும் கவசத்துடன் கவச எண் 18 என்பது 19 ஆகும். காப்ளினின் அடி படும் வாய்ப்பு 35-இலிருந்து 30 சதவீதமாகக் குறையும்.

ஐந்து சதவீதம் குறைவாக அடிவாங்குவதா, பதினான்கு சதவீதம் அதிகமாகச் சாய்ப்பதா? செத்த காப்ளின் திருப்பி அடிப்பதில்லை. டூயலிங் எடுங்கள். உயிர்ப்புள்ளி மிக அதிகமான எதிரிகள் வரும் கதையில் இந்த இடைவெளி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் மூன்று லெவலில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது காப்ளின் அளவு ஆட்களையே.

திறமைகள்: போர்வீரனுக்கு இரண்டு. 'அத்லெட்டிக்ஸ்', 'பெர்செப்ஷன்' இரண்டையும் எழுதுங்கள். முதலாவதற்கு +5 வரும்; எதிரியைத் தள்ளிக் கீழே விழவைக்கலாம். இரண்டாவதற்கு +3, பதுங்கியிருப்பவரைப் பார்க்கலாம். ஹாஃப்-ஆர்க்குக்கு 'இன்டிமிடேஷன்' தானாகவே வரும்.

படி 6: ஆயுதம், கவசம், மூட்டை

• செயின் மெயில்: கவச எண் 16. அணிய வலிமை 13 வேண்டும். இல்லாவிட்டால் நடை வேகம் 10 அடி குறையும். வலிமை இருந்தாலும் ஒளிந்து போகும்போது இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும்.
• கேடயம்: +2. மொத்தம் 18.
• நீள்வாள்.
• கைக்கோடரி இரண்டு. குறுக்குவில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வில்லுக்குச் சுறுசுறுப்பு கூடும், நம்மிடம் அதன் கூட்டல் எண் 0. எறியும் கைக்கோடரிக்கு வலிமை கூடும்.
• பயண மூட்டை. கயிறும் தீப்பந்தமும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேடயத்தைக் கையில் மாட்டவோ கழற்றவோ ஒரு ஆக்‌ஷன் போகும். சண்டை வரும் என்று தெரிந்த இடத்தில் "கேடயம் கையில் இருக்கிறது" என்று டி.எம். காதில் விழும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: ஊரிலிருந்து ஒரு கதை

பின்கதை மூன்று வரி போதும்: என்ன வேண்டும், எதற்குப் பயம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான். நான்கு பக்கம் எழுதினால் டி.எம். படிக்கமாட்டார். படித்தாலும் நினைவில் வைத்திருக்கமாட்டார்.

மூலப்பொருளுக்கு நார்வே பனிமலையைத் தேட வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்குள்ள பழைய கைக்கோடரிகளுக்கு வயது சுமார் பதினைந்து லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்புவின் ஆய்வுக்குழு 2011-இல் வெளியிட்டது. பக்கத்தில் குடியம் குகைகள். கொற்றனின் இரண்டு கைக்கோடரிகளில் ஒன்று கல்லால் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் மாற்றமில்லை. அது யாருடையது, ஏன் இன்னும் மழுங்கவில்லை என்ற கேள்வி டி.எம். கைக்குப் போய்விடும், ஒரு மாதக் கதைக்கு அது போதும். மூன்று வரி இப்படி வரும்: கல் கோடரி செய்தவரின் குகையைக் கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கெடுத்த ஆற்றைக் கண்டால் பயம். தன்னை ஆற்றிலிருந்து இழுத்துப்போட்ட ஓடக்காரருக்குக் கடன்.

(உண்மையான கல்லைப் பார்க்க ஆசையென்றால் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. களத்திலிருந்து கல் பொறுக்கி மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.)

குறையும் ஒன்று வேண்டும்

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் படுகளம் அன்று மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் குறிவைப்பது தொடையை. அந்த ஓர் இடம் இல்லாவிட்டால் பதினெட்டாம் போரைப் பார்க்கக் கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருக்காது. கேரக்டருக்கும் டி.எம். பிடித்து இழுக்க ஓர் இடம் கொடுங்கள். எப்படிப்பட்ட குறை என்பதில்தான் கவனம்.

• நஷ்டம் உங்களுக்கு வர வேண்டும், கூட இருப்பவருக்கு அல்ல. "கிடைத்ததைத் திருடுவான்" என்று எழுதினால் கூட்டாளியின் பையில்தான் முதலில் கை வைப்பீர்கள்.
• அடிக்கடி நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "அமாவாசையன்று பலம் குறையும்" என்றால் டி.எம். மறந்தே போவார்.
• மேசையை விட்டு விலக வைக்கக் கூடாது. "யாரையும் நம்பமாட்டான், தனியே போவான்" என்பது குறையல்ல, ஆட்டத்தைக் கெடுப்பது.

கர்ணனுடைய குறை எவ்வளவு பொருத்தமானது பாருங்கள்: கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டான். கொற்றனுக்கு அதையே சிறிதாக்கி, "கெஞ்சுகிற எதிரியைக் கொல்லமாட்டான்" என்று எழுதலாம்.

படி 8: ஐந்தாம் லெவல் வரை ஒரு வழி

1. இரண்டாம் லெவல் (300 அனுபவப் புள்ளி): 'ஆக்‌ஷன் சர்ஜ்'. சிறு ஓய்வுக்கு ஒருமுறை, ஒரே சுற்றில் இன்னொரு ஆக்‌ஷன்.
2. மூன்றாம் லெவல் (900): 'சாம்பியன்' என்ற உட்பிரிவு. இனி 20 மட்டுமல்ல, 19 விழுந்தாலும் இரட்டை டைஸ் அடி.
3. நான்காம் லெவல் (2,700): திறன் எண்ணில் இரண்டு கூட்டலாம். ஒன்றை வலிமையில் போட்டு 18 ஆக்குங்கள், மற்றொன்றை நிதானத்தில் போட்டு 14 ஆக்குங்கள். இரண்டு கூட்டல் எண்களும் ஒரே நாளில் ஏறும். 13-ஐ அன்று வாங்கியது இதற்காகத்தான்.
4. ஐந்தாம் லெவல் (6,500): ஒரு ஆக்‌ஷனில் இரண்டு தாக்குதல், தேர்ச்சி எண் +3. தாக்குதல் கூட்டல் +7, ஒவ்வோர் அடிக்கும் எட்டு முக டைஸ் கூட்டல் 6. சராசரிக் கணக்கில் உயிர்ப்புள்ளி 49.

நடுவில் வேறு கிளாஸுக்குத் தாவாதீர்கள். நான்கு லெவல் போர்வீரனாக இருந்துவிட்டு ஐந்தாவதை வேறொன்றில் போட்டால், இரண்டாவது தாக்குதல் ஒரு முழு லெவல் தள்ளிப்போகும். மாதம் இரண்டு முறை கூடும் மேசையில் ஒரு லெவல் என்பது எத்தனை வாரம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதிரி: வடிவு, கிளெரிக்

ஹில் டுவார்ஃப், 'லைஃப்' டொமைன். நிதானம் 15, உடலுறுதி 14, வலிமை 13, வசீகரம் 12, சுறுசுறுப்பு 10, அறிவு 8. இனக் கூடுதலுக்குப் பின் நிதானமும் உடலுறுதியும் 16. உயிர்ப்புள்ளி 12. செயின் மெயிலும் கேடயமும் அணிந்தால் கவச எண் 18. கொற்றனுக்குச் சமமாக முன்வரிசையில் நிற்பார்.

இவர் கையில் இரண்டு மந்திரம் போதும். 'பிளெஸ்' மூன்று பேருடைய தாக்குதலிலும் தற்காப்பு உருட்டலிலும் நான்கு முக டைஸ் ஒன்றைக் கூட்டும், சராசரி 2.5, அதாவது பன்னிரண்டரை சதவீதம், மூன்று பேருக்கும். 'ஹீலிங் வோர்ட்' 60 அடி தூரத்திலிருந்தே விழுந்தவரை எழுப்பும், அதுவும் போனஸ் ஆக்‌ஷனில். முதல் லெவலில் மந்திரத்துக்கு இரண்டே வாய்ப்பு. கீறலுக்கெல்லாம் மருந்து போடாதீர்கள். விழுந்த பிறகு எழுப்புவதுதான் சிக்கனம்.

கதைக்குப் பழவேற்காடு. மணல் மூடித் திறக்கும் முகத்துவாரம், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் சிதைவு, எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்ட வாசல். முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும் ஒரு தெய்வத்தை நீங்களே உண்டாக்குங்கள். பக்கத்தில் பூசை நடக்கும் கோயில் தெய்வத்தின் பெயரை ஷீட்டில் எழுத வேண்டாம். டைஸ் சரியாக விழாத நாளில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

இணையத்தில் கிடைக்கும் 'பில்ட்'டை அப்படியே நகலெடுப்பது. அதை எழுதியவர் மேசையில் எல்லாப் புத்தகமும் எல்லா ஃபீட்டும் அனுமதி. உங்கள் மேசையில் பாதிக்கு அனுமதி இருக்காது. மீதிப் பாதி மட்டும் சேர்ந்தால் ஒன்றுக்கும் உதவாது.

கவனம் தேவைப்படும் மந்திரங்கள் இரண்டை ஒரே நேரத்தில் போட முயல்வது. இரண்டாவதைத் தொடங்கியதும் முதலாவது அணைந்துவிடும். அடிபட்டாலும் அணையக்கூடும்: உடலுறுதி உருட்டலில் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அதை எட்ட வேண்டும்.

ஒரே வகைச் சேதத்தை நம்புவது. விஷம் ஏறாத ஜந்துக்கள் ஏராளம்; எலும்புக்கூட்டுப் படையிடம் விஷக்கத்தியால் ஆகப்போவது எதுவுமில்லை.

பழக்கமில்லாத கவசத்தை மந்திரவாதிக்கு மாட்டுவது. தேர்ச்சி இல்லாத கவசத்தில் மந்திரமே வராது.

தன் முறை வந்த பிறகு யோசிப்பது. இது ஷீட்டில் தெரியாத பலவீனம். பக்கத்து ஆள் ஆடும்போதே உங்கள் அடுத்த செயலை முடிவு செய்துவிடுங்கள்.

வராத நாள் சீட்டு

ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில் ஐந்து வரி எழுதி டி.எம்.மிடம் கொடுத்துவையுங்கள். கொற்றனுடையது:

1. கவச எண் 18, உயிர்ப்புள்ளி 13.
2. நீள்வாள் +5, எட்டு முக டைஸ் கூட்டல் 5. தூரத்தில் கைக்கோடரி.
3. உயிர்ப்புள்ளி 5-க்குக் கீழே போனால் செகண்ட் விண்ட்.
4. எப்போதும் கதவுக்கும் வடிவுக்கும் நடுவில் நிற்பான்.
5. சரணடைந்தவரைக் கொல்லமாட்டான். கல் கோடரியை யாருக்கும் கொடுக்கமாட்டான்.

தமிழ் படிக்கத் தெரியாத நண்பர்களும் மேசையில் இருந்தால் எண்களைப் பெரிதாக எழுதி, படம் வரைந்துவிடுங்கள். வாளும் கேடயமும் எந்த மொழியிலும் புரியும்.

பாதுகாப்பு

• மேசையில் பணம் வைக்காதீர்கள். டீக் காசைக்கூட ஆட்டம் முடிந்த பிறகு எடுங்கள். இரவில் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சூதாட்டம். அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஷீட்டைக் காட்டி விளக்கிவிடுங்கள்.

• நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கி எழுந்த பிறகே வரட்டும். ஆட்டம் முடிந்து தூக்கக் கலக்கத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்ட வேண்டாம். கண் சொருகினால் அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் போகலாம்.

• திருவள்ளூர்ப் பக்கத்து நண்பர்கள் ரயிலில் வருகிறார்கள் என்றால் அவர்களுடைய பாதை வேறு. நகரத்துக்குள் போய் வண்டி மாறித்தான் கும்மிடிப்பூண்டி வர முடியும். கடைசி வண்டி நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சண்டையை முடித்துவிடுங்கள்.

• முதல் நாளே ஒவ்வொருவரிடமும் "எது கதையில் வேண்டாம்?" என்று கேட்டு எழுதுங்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. குண்டு விழும் கிராமம், எரியும் வீடு, காணாமல் போன தம்பி எல்லாம் ஒருவருக்குக் கற்பனை, பக்கத்தில் இருப்பவருக்கு வீட்டுக்கதை. காரணம் கேட்காதீர்கள், வேண்டாமென்றால் நீக்கிவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இதற்கு உதவும்: பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும்.

தனியாக ஓர் ஒத்திகை

மேசைக்குப் போகும் முன் வீட்டில் இதைச் செய்யுங்கள்.

1. ஒரு தாளில் இரண்டு காப்ளின்களை எழுதுங்கள்: கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7, தாக்குதல் +4, சேதம் ஆறு முக டைஸ் கூட்டல் 2.
2. யார் முதலில் என்பதை உருட்டி முடிவு செய்து, கொற்றனை இரண்டுக்கும் எதிரே நிறுத்துங்கள்.
3. இரண்டு காப்ளினும் தாக்கினால், இரட்டை டைஸ் அடியை விட்டுவிட்டால், சுற்றுக்குச் சராசரியாக 3.85 உயிர்ப்புள்ளி போகும். 13 புள்ளி மூன்று சுற்றுக்கு மேல் தாங்கும்; அதற்குள் ஒன்றையாவது சாய்த்திருப்பீர்கள். நடுவில் செகண்ட் விண்டை மறந்தீர்களா என்று பாருங்கள்.
4. ஐந்து முறை ஆடுங்கள். மூன்று முறை ஜெயித்தால் ஷீட் சரி.
5. தொடர்ந்து தோற்றால் எண்ணை மாற்றும் முன் கூட்டலைச் சரிபாருங்கள். தேர்ச்சிக்கான 2 விடுபட்டிருக்கும், அல்லது கேடயத்தை மறந்திருப்பீர்கள்.

எல்லாம் சரியென்று தெரிந்த பிறகும் உயிர்ப்புள்ளிக் கட்டத்தை மட்டும் பேனாவால் எழுதாதீர்கள். ஒரு மாலையிலேயே பத்து முறை அழிக்க வேண்டியிருக்கும்.